நீர்வாழ் உயிர்களைத் தாக்கும் புதிய வைரஸ் நோய்கள்
(களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் ஒரு பாடம்)

மாட்டிற்குக் கோமாரி கண்டால் ஊரே அறிகின்றது. கோழிக்குக் கழிச்சல் வந்தால் அடுத்த வீட்டார் எச்சரிக்கை அடைகின்றனர். ஆனால் குளத்து மீனுக்கோ, வயல் தவளைக்கோ, ஆற்று ஆமைக்கோ நோய் வந்தால் அதனைக் கவனிப்போர் சிலரே. நீருக்கடியில் நிகழும் சாவு கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியும்போது பாதி மீன் மிதந்துவிடும். பருந்தும் நாயும் மீதியைத் தின்றுவிடும். ‘வெயில் அதிகம்’, ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்று காரணம் சொல்லி அச்செய்தி முடிந்துவிடுகின்றது.

கடந்த அறுபது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் கண்டறிந்த உண்மைகள் இவ்வலட்சியம் தகாது என்பதை உணர்த்துகின்றன. மீன், தவளை, ஆமை ஆகிய மூன்று வகை உயிர்களையும் தாக்கவல்ல வைரஸ்கள் பல நாடுகளில் பரவியுள்ளன. அவற்றுள் சில நம் நாட்டு மீன் பண்ணைகளிலும் காணப்பட்டுள்ளன. அவை யாவை, எவ்வாறு பரவுகின்றன, களப் பணியாளர் செய்ய வேண்டியது யாது, ஆசிரியர் மாணவருக்குக் கற்பிக்க வேண்டியது யாது என்பவற்றை இப்பாடத்தில் வரிசையாகக் காண்போம்.

வைரஸ் என்பது யாது?

பாக்டீரியா தானே உணவு கொண்டு தானே பெருகும் ஓர் உயிரணு ஆகும். வைரஸ் அத்தகையது அன்று. அது மரபுப் பொருளும் அதனைச் சுற்றிய புரத உறையும் மட்டுமே கொண்ட துகள். உயிருள்ள அணுவினுள் புகுந்தாலன்றி அது பெருகாது. புகுந்தபின், அவ்வணுவின் இயந்திரங்களைத் தன் பணிக்குத் திருப்பித் தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான துகள்களைச் செய்வித்துக்கொள்கின்றது. முடிவில் அணு அழிகின்றது.

நாம் முதலில் காணப்போகும் ரானா வைரஸின் துகள் ஒன்று சுமார் 150 நானோமீட்டர் அளவுடையது. அத்தகைய துகள்கள் ஏறத்தாழ 6,600-ஐ ஒரே வரிசையில் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். பள்ளிக்கூட நுண்நோக்கியில் இது தெரியாது; எலக்ட்ரான் நுண்நோக்கி வேண்டும்.

இவ்வடிப்படையிலிருந்து ஒரு நடைமுறை உண்மை பெறப்படுகின்றது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்யா. ஆகவே, வைரஸ் நோய் கண்ட குளத்தில் ஆன்டிபயாடிக் மருந்தைக் கொட்டுவது பணத்தை நீரில் கொட்டுவதேயாகும். அதனால் நன்மை இல்லாததோடு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் தோன்றவும் மீனின் தசையில் மருந்து தங்கவும் இடம் ஏற்படுகின்றது.

தவளையிடம் கண்ட வைரஸ்

1960-களில் அமெரிக்காவில் அலன் கிரானாஃப் என்னும் விஞ்ஞானியும் அவருடைய உடன் பணியாளரும் சிறுத்தைத் தவளையின் சிறுநீரகத்தில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தனர். அம்முயற்சியில் அவர்கள் பிரித்தெடுத்த வைரஸ்களுள் ஒன்றிற்குத் ‘தவளை வைரஸ் 3’ என்று பெயரிடப்பட்டது. புற்றுக்கு அது காரணமன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் தவளையைக் குறிக்கும் ‘ரானா’ என்ற இலத்தீன் சொல்லால் அழைக்கப்படும் ஒரு பெரிய வைரஸ் குடும்பப் பிரிவிற்கு அதுவே முதல் மாதிரியாக அமைந்தது.

நெடுநாள் வரை இது ஆய்வுக்கூடத்து வியப்பாகவே கருதப்பட்டது. 1980-களில் நிலைமை மாறியது. ஆஸ்திரேலியாவில் பெர்ச் என்னும் மீன்கள் பெருந்தொகையாக மாண்டபோது அவற்றிலிருந்து இவ்வினத்தைச் சேர்ந்த வைரஸ் பிரிக்கப்பட்டது. மீன்களின் பெருஞ்சாவுக்கு இவ்வின வைரஸ் காரணமாதல் அப்போது தெரிந்தது. அதே காலத்திலிருந்து இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டக் குளங்களில் சாதாரணத் தவளைகள் கோடைதோறும் மடிந்தன. நோய் மீண்டும் மீண்டும் தோன்றிய குளங்களை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டபோது, வளர்ந்த தவளைகளின் எண்ணிக்கை நடுநிலை அளவில் 81 விழுக்காடு குறைந்திருந்தது. ஸ்பெயின் நாட்டு மலைக் குளங்களிலும் தவளை, சாலமாண்டர் இனங்கள் பல ஒருங்கே சரிந்தன. அமெரிக்காவில் பெட்டி ஆமைகளும், அங்குக் காப்பகத்தில் வளர்க்கப்பட்ட பர்மிய நட்சத்திர ஆமைகளும் இந்நோய்க்கு இரையாயின. தவளையினத்தின் ரானா வைரஸ் நோயை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் உலக விலங்குநல அமைப்பு 2008-ஆம் ஆண்டு சேர்த்தது.

நோய்க் குறிகள் உயிர்தோறும் சற்று வேறுபடும். தலைப்பிரட்டைகளுக்கு உடல் வீங்கும். வயிற்றடியிலும் பின்னங்கால் முளைக்கும் இடத்திலும் இரத்தப் புள்ளிகள் தோன்றும். நீந்தும் நிலை தடுமாறும். கால் முளைத்து வால் சுருங்கும் உருமாற்றக் காலத்தில் சாவு மிகுதியாகும். ஆமைக்குக் கண்ணிமை வீங்கும், மூக்கில் நீர் வடியும், வாயினுள் மஞ்சள் நிறப் படலம் படியும். மீனுக்கு மண்ணீரலும் சிறுநீரகமும் அழுகும். தோலிலும் செதிளடியிலும் இரத்தக் கசிவு காணும். குளிர் இரத்த உயிர்களின் நோயாதலால் நீரின் வெப்பம் இதனைப் பெரிதும் ஆளுகின்றது. தவளை வைரஸ் 3 ஏறத்தாழ 12 முதல் 32 டிகிரி சென்டிகிரேடு வரை பெருகவல்லது. மனிதரின் உடல் வெப்பம் இவ்வெல்லைக்கு மேற்பட்டது. இவ்வின வைரஸ் மனிதருக்கு நோய் உண்டாக்குவதில்லை.

ஒன்றிலிருந்து ஒன்றுக்கு

ஒரு வகை உயிரின் நோய் வேறு வகைக்குத் தாவுமா என்ற வினாவுக்கு விடை காண அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தினர் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2014-ஆம் ஆண்டு வெளியிட்டனர். மரத்தவளையின் தலைப்பிரட்டை, சிவப்புக் காது ஆமை, கொசு மீன் என்னும் கம்பூசியா ஆகிய மூன்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒரே தொட்டியில், ஒன்றையொன்று தொடாதபடி தடுத்து, நீர் மட்டும் பொதுவாக இருக்குமாறு வைத்தனர். நோயுற்ற ஆமையிடமிருந்தும் மீனிடமிருந்தும் வைரஸ் நீரின் வழியாகவே தலைப்பிரட்டைக்குச் சென்றது. தலைப்பிரட்டையிடமிருந்து ஆமைக்கும் சென்றது; ஆனால் மீனுக்குச் செல்லவில்லை.

இம்மூன்று உயிர்களில் இரண்டு நம் ஊர்களுக்கு அந்நியம் அல்ல. கம்பூசியா மீன் மலேரியாவைத் தடுப்பதற்காக 1928-ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கிணறுகளிலும் குட்டைகளிலும் சுகாதாரப் பணியாளரால் விடப்பட்டு வந்துள்ளது. சிவப்புக் காது ஆமையோ நகரங்களின் வண்ணமீன் கடைகளில் செல்லப் பிராணியாக விற்கப்படுவது. வளர்ந்து பெரிதானதும் சலித்துப்போய், ‘புண்ணியம்’ என்று எண்ணி அதனைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விடுவோர் உளர். ஒரு குளத்தின் மீனையோ ஆமையையோ வேறொரு குளத்தில் விடும்போது, அதன் உடலோடு அக்குளத்து நோயும் செல்லக்கூடும் என்பதே இச்சோதனை தரும் பாடம்.

தென்னிந்தியப் பண்ணைகளில் கண்டவை

இனி நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். தென்னிந்தியாவில் அழகுக்காக வளர்க்கப்படும் கோய் கெண்டைகள் பண்ணைகளில் பெருமளவில் மாண்டன. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி ஆராய்ச்சி நிலையத்தினர் அம்மீன்களின் உறுப்புகளை அரைத்து வடிகட்டி, மீன் உயிரணு வளர்ப்பில் இட்டு, ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தனர். அதனை நலமான கோய் மீன்களுக்குச் செலுத்தியபோது அதே நோய் தோன்றியது. மாண்ட மீனிலிருந்து அதே வைரஸ் மீண்டும் கிடைத்தது. ஒரு கிருமியே ஒரு நோய்க்குக் காரணம் என்று நிறுவுவதற்கு விஞ்ஞானம் கேட்கும் சான்று இதுவே. ‘கோய் ரானா வைரஸ்’ என்று பெயர் பெற்ற இதைப் பற்றிய கட்டுரை 2015-ஆம் ஆண்டு அச்சேறியது.

இதனோடு இணைத்துப் பார்க்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. டாம்சல் என்னும் கடல் வண்ணமீனிலிருந்தும் நம் நாட்டில் ஒரு ரானா வைரஸ் பிரிக்கப்பட்டது. நன்னீர்க் கெண்டையின் வைரஸும் கடல் மீனின் வைரஸும் மரபுப் பொருளில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இவ்விரண்டும், 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து நீர்த்தேக்கமொன்றில் பாஸ் மீன்களைக் கொன்ற வைரஸுக்கு மிக நெருங்கிய உறவுடையவை. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கப்பி மீனிலும் டாக்டர் மீனிலும் இதே உறவினம் முன்னரே கண்டறியப்பட்டிருந்தது.

நன்னீரும் கடலும், ஆசியாவும் அமெரிக்காவும் இணையும் இடம் எது? நீரோட்டம் அன்று, வாணிகமே. பிளாஸ்டிக் பையில் பிராணவாயு நிரப்பி, விமானத்திலும் பேருந்திலும் செல்லும் வண்ணமீன், தான் செல்லும் இடத்திற்குத் தன் நீரையும் எடுத்துச் செல்கின்றது. சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளிலிருந்து பல ஊர்களுக்கு மீன் செல்கின்றது. அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிடுவது. ஆகவே அதனைக் குறை கூறுதல் நோக்கமன்று. நோயற்ற மீனை அனுப்புதலும், வாங்கிய மீனைத் தனியே வைத்துப் பார்த்தலும் அத்தொழிலுக்கே காப்பாகும் என்பதுதான் கருத்து.

ஜிலேபி மீனுக்கு வந்த நோய்

ரானா வைரஸைவிட ஏழை மக்களின் உணவை நேராகத் தொடுவது திலேப்பியா ஏரி வைரஸ் ஆகும். திலேப்பியா மீனை நம்மவர் ‘ஜிலேபி’ என்று அழைக்கின்றனர். மொசாம்பிக் திலேப்பியா 1952-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அது பிற மீன்களை நெருக்குகின்றது என்று கண்டு 1959-ஆம் ஆண்டில் அதனைப் பரப்புதல் தடை செய்யப்பட்டது. எனினும் அதற்குள் அது தென்னாட்டின் ஏரிகளிலும் தேக்கங்களிலும் வேரூன்றிவிட்டது. பிற்காலத்தில் விரைந்து வளரும் நைல் திலேப்பியா, அரசின் வழிகாட்டு விதிகளின்படி பண்ணைகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்டது.

இஸ்ரேல் நாட்டில் 2009-ஆம் ஆண்டு முதல் கலிலேயக் கடல் எனப்படும் கின்னரேத் ஏரியிலும் பண்ணைக் குளங்களிலும் திலேப்பியாக்கள் கோடையில் மடிந்தன. 2014-ஆம் ஆண்டு அதன் காரணம் ஒரு புதிய வைரஸ் என்று வெளியிடப்பட்டது. இன்புளுவென்சா வைரஸைப் போன்று இதன் மரபுப் பொருளும் துண்டு துண்டாக, பத்துத் துண்டுகளாக அமைந்துள்ளது. ஈக்வடார், கொலம்பியா, எகிப்து, தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் பின்னர் இது காணப்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு உலக எச்சரிக்கை விடுத்தது. மேற்கு வங்காளத்திலும் கேரளத்திலும் பண்ணைத் திலேப்பியாவில் இவ்வைரஸ் உள்ளது என்பது 2018-ஆம் ஆண்டு வெளியான ஆய்வால் உறுதியாயிற்று.

நோயுற்ற மீன் இரை எடாது, நீரின் மேற்பரப்பில் சோர்ந்து மிதக்கும், கண் மங்கிப் புடைக்கும் அல்லது குழிந்துவிடும், தோல் அரிக்கப்படும். சில இடங்களில் சாவு 90 விழுக்காடு வரை சென்றதுண்டு. குறிப்பாக, குஞ்சுகளை ஒரு பண்ணையிலிருந்து கூண்டுகளுக்கு மாற்றிய ஒரு மாதத்திற்குள் சாவு மிகுதல் தாய்லாந்தில் கவனிக்கப்பட்டது. தாய்மீனிலிருந்து முட்டை வழியாகவும் இந்நோய் இறங்கக்கூடும். மனிதருக்கு இது பரவுவதில்லை.

மார்டள்ளி போன்ற ஊரில்

மார்டள்ளி இன்று கருநாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாதேசுவரன் மலைப் பக்கத்தில், தமிழ் பேசும் குடியானவர் மிகுதியாக வாழும் ஊர். அது அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ஆம் ஆண்டில் சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. ஆட்சி எல்லை மாறியபோதும் நீரின் எல்லை மாறவில்லை. இப்பகுதியில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கிக் காவிரியைச் சேர்கின்றது. காவிரி, கீழே 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் தங்குகின்றது. அத்தேக்கத்தில் வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. திலேப்பியாவும் அங்குப் பிடிபடும் மீன்களுள் ஒன்று.

இத்தகைய வறண்ட மேட்டு நிலத்து ஊரை எடுத்துக்கொள்வோம். இங்குக் குட்டை ஆண்டு முழுவதும் நிறைந்திருப்பதில்லை. மழை வந்ததும் மீன்குஞ்சை வெளியூரிலிருந்து வாங்கி விடவேண்டும்; நீர் வற்றுமுன் பிடித்துவிடவேண்டும். ஆகவே இங்கு ஒவ்வோர் ஆண்டும் குஞ்சு வெளியிலிருந்து வருகின்றது. முதல் மழையோடு தவளைகளும் அதே குட்டையில் முட்டையிடுகின்றன. வலை ஒன்று, அதனை வாடகைக்கு எடுத்து நான்கு குட்டைகளில் வீசுகின்றனர். குட்டை நிரம்பி வழிந்தால் உபரி நீர் ஓடைக்குச் செல்கின்றது. குஞ்சு, வலை, வழியும் நீர் ஆகிய இம்மூன்றுமே நோய் செல்லும் மூன்று பாதைகள். இவற்றைக் காப்பவர் தம் ஊரை மட்டுமன்றிக் கீழுள்ள ஊர்களையும் காக்கின்றார்.

சாவின் காரணத்தைப் பிரித்தறிதல்

குளத்தில் மீன் செத்தால் அது வைரஸ்தான் என்று முடிவு கட்டுதல் தவறு. காரணங்கள் பல. களத்தில் நின்றே ஓரளவு பிரித்தறிய உதவும் குறிப்புகள் கீழே தரப்படுகின்றன.

முதலாவது, பிராணவாயுக் குறைவு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும். பல இன மீன்களும் ஒரே இரவில் சாகும். வெயில் ஏறியதும் எஞ்சியவை தேறும்.

இரண்டாவது, நஞ்சு. பூச்சிமருந்து கலந்த நீர் வயலிலிருந்து இறங்கினால் மீன், தவளை, நீர்ப்பூச்சி யாவும் வேறுபாடின்றிச் சடுதியில் மடியும்.

மூன்றாவது, புண் நோய். 1988-ஆம் ஆண்டு இந்தியாவினுள் புகுந்து விரால் முதலிய மீன்களின் உடலில் ஆழ்ந்த புண்களை உண்டாக்கிய கொள்ளைநோயைப் பலர் அறிவர். தொடக்கத்தில் அதற்கும் வைரஸே காரணம் என ஐயுற்றனர். பின்னர், நீரில் வாழும் பூஞ்சை போன்ற ஒரு கிருமியே முதற் காரணம் என்பது தெளிவாயிற்று. கண்ட மாத்திரத்தில் பெயர் சூட்டலாகாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நான்காவது, வைரஸ் நோய். இது பெரும்பாலும் ஓர் இனத்தை அல்லது ஒரு பருவத்து மீனைத் தாக்கும். சாவு சிறிதாகத் தொடங்கி நாள்தோறும் பெருகும். புதிய குஞ்சு விட்டபின்போ, வலையிட்டு அலைக்கழித்தபின்போ தொடங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். முதற் குளத்தில் திங்களன்று 400 மீன் மாண்டு, செவ்வாயன்று ஒன்றும் சாகவில்லை. இரண்டாம் குளத்தில் திங்களன்று 3, செவ்வாயன்று 7, புதனன்று 16, வியாழனன்று 35 எனச் சாவு பெருகிற்று. முதற் குளத்தைக் கண்டு ஊரார் கூடுவர். இரண்டாவதைக் கண்டு எவரும் கவலைப்படார். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் நோயின் நடை இரண்டாம் குளத்தில்தான் காண்கின்றது. இவ்வேறுபாட்டை அறிய ஒரு நோட்டுப் புத்தகமும் நாள்தோறும் எண்ணும் பொறுமையும் போதும். இறுதி முடிவை ஆய்வுக்கூடமே கூறவியலும்.

களப் பணியாளர் செய்ய வேண்டியவை

1. நாள், நீரின் வெப்பம், மாண்ட மீனின் இனம், அளவு, எண்ணிக்கை, குஞ்சு எங்கிருந்து எப்போது வந்தது என்பவற்றை எழுதிக்கொள்க. அருகில் தவளை, தலைப்பிரட்டை, ஆமை செத்துக் கிடக்கின்றனவா என்றும் பார்க்க. மீனை மட்டும் நோக்கித் தவளையை விட்டுவிடுதல் பெரும்பாலோர் செய்யும் பிழை.

2. அழுகிய மீன் ஆய்வுக்கு உதவாது. சாகும் தறுவாயில் உள்ள மீன்களையே எடுத்து, பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடம் சேர்த்தல் நலம். அது இயலாவிடில் ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் சிறு துண்டுகளை 95 விழுக்காடு ஆல்கஹாலில் இடுக. திசு ஆய்வுக்குரிய துண்டுகளை 10 விழுக்காடு பார்மலினில் தனியே இடுக. இரண்டையும் கலக்கலாகாது.

3. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திற்கு உடனே அறிவிக்க. நீர்வாழ் உயிர்களின் நோய்களைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபுவள நிலையம் அதனை ஒருங்கிணைக்கின்றது. மீன் நோயைக் கைப்பேசி வழியாகவே தெரிவிப்பதற்கான செயலி ஒன்றும் 2023-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

4. அக்குளத்திலிருந்து மீன், குஞ்சு, நீர் எதுவும் வேறிடம் செல்லாதபடி நிறுத்துக. வழிந்தோடும் மடையை அடைக்க. மாண்டவற்றை ஓடையில் எறியாது, நீர் ஊறாத மேட்டில் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க. கொக்கும் நீர்க்காகமும் நாயும் இழுத்துச் செல்ல இடங்கொடுத்தல் கூடாது.

5. வலை, வாளி, காலணி ஆகியவற்றைச் சுத்தி செய்க. இங்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. நம்மிற் பலர் எதற்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையே நாடுகின்றோம். 2009-ஆம் ஆண்டு வெளியான சோதனையில் அம்மருந்து, பத்து லட்சத்திற்கு 5 பங்கு அளவிலும் ரானா வைரஸை அழிக்கவில்லை. வீட்டு உபயோகச் சலவைத் திரவமாகிய பிளீச்சை 100-க்கு 3 பங்கு கலந்த நீர் ஒரு நிமிடத்தில் அதனை அழித்தது. முதலில் சேற்றைக் கழுவி நீக்கிப் பின்னரே வலையைப் பிளீச் நீரில் தோய்க்க வேண்டும். சேறு இருப்பின் மருந்து வலுவிழக்கும். பின்னர் நல்ல நீரில் அலசி வெயிலில் நன்கு உலர்த்துக. பிளீச் நீர் மீனுக்கும் தவளைக்கும் நஞ்சாதலால், அதனைக் குளத்தருகே கொட்டலாகாது.

6. புதிய குஞ்சை வாங்கியவுடன் குளத்தில் விடாது, தனித் தொட்டியிலோ சிறு குட்டையிலோ இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்க்குமாறு விவசாயிக்குக் கூறுக. பையிலுள்ள நீரைக் குளத்தில் ஊற்றவேண்டாம் என்றும் கூறுக.

இவை யாவற்றிலும் கடினமானது நான்காவது விதியே. குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கடன் வாங்கிக் குஞ்சு விட்டிருப்பார். மீன் சாகத் தொடங்கியதும், எஞ்சியதைப் பிடித்து அடுத்த ஊர்ச் சந்தையில் விற்றுவிடவே அவர் மனம் விழையும். உயிரோடு உள்ள குஞ்சைப் பாதி விலைக்கு மற்றொரு குளத்துக்காரருக்குக் கொடுக்கவும் முற்படுவார். அவரைக் குற்றவாளியாக நடத்தினால் அடுத்த முறை அவர் நோயை மறைப்பார். மறைத்த நோய் மேலும் பரவும். நோயை முதலில் சொன்னவரே ஊரைக் காத்தவர் என்ற மதிப்பை அவருக்கு அளித்தல் வேண்டும். அவர் அடைந்த நட்டத்தை மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்தல், கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் தவணைக்கு அவகாசம் கேட்க உதவுதல், காப்புறுதி இருப்பின் உரிய சான்றுகளைச் சேர்த்துத் தருதல் ஆகியவையும் பணியாளரின் கடமையேயாகும்.

ஆசிரியர்களுக்கு

தவளையைக் காப்பாற்றுவதில் நமக்கென்ன பயன் என்று மாணவர் கேட்கக்கூடும். வளர்ந்த தவளை வயலின் பூச்சிகளை உண்கின்றது. தலைப்பிரட்டை குட்டையின் பாசியை மேய்கின்றது. இரண்டையும் உண்டு பாம்பும் பறவையும் மீனும் வாழ்கின்றன. இக்கண்ணி அறுந்தால் அதன் இழப்பு வயலிலேயே தெரியும். ஒரு காலத்தில் நம் நாட்டுத் தவளைகள் கால்களுக்காகப் பிடிக்கப்பட்டு ஏற்றுமதியாயின. 1987-ஆம் ஆண்டு அவ்வேற்றுமதி நிறுத்தப்பட்டது. வாணிகத்திலிருந்து காத்த உயிரை நோய்க்குப் பலிகொடுத்தல் ஆகாது.

வகுப்பில் தலைப்பிரட்டையை வளர்த்து உருமாற்றம் காட்டும் ஆசிரியர் மூன்று விதிகளைக் கடைப்பிடித்தல் நன்று. ஒரே குட்டையிலிருந்து சிலவற்றை மட்டுமே எடுக்க வேண்டும். கடையில் வாங்கிய வண்ணமீனோடு ஒரே தொட்டியில் அவற்றை இடலாகாது. அவற்றுள் ஒன்று நோயுற்றாலும் எஞ்சியவற்றைக் குட்டையில் திரும்ப விடலாகாது. நலமானவற்றை எடுத்த இடத்திலேயே விடவேண்டும். வேறு நீர்நிலையில் விடுதல் கூடாது.

மழைக்காலத்தில் மாணவர்கள் வாரம் ஒருமுறை ஊர்க் குட்டைக்குச் சென்று, நீரைத் தொடாது கரையில் நின்றே, தவளைக் குரல், முட்டைத் திரள், தலைப்பிரட்டைக் கூட்டம், மாண்ட உயிர்கள் ஆகியவற்றைக் குறித்து வரலாம். நோய் வராத ஆண்டின் குறிப்பு இருந்தால்தான் நோய் வந்த ஆண்டின் மாறுதல் புலப்படும். ஆகவே ஒன்றும் நிகழாத வாரத்தின் குறிப்பும் பயனுள்ளதே.

பயிற்சி வினாக்கள்

1. வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் பயன்படாமைக்குக் காரணம் யாது?

2. நன்னீர்க் கோய் மீனிலும் கடல் டாம்சல் மீனிலும் ஏறத்தாழ ஒரே வைரஸ் காணப்பட்டதிலிருந்து நீவிர் ஊகிப்பது யாது?

3. மேலே கூறிய இரண்டு குளங்களின் சாவுக் கணக்கை வரைபடமாக வரைக. ஒவ்வொன்றும் எக்காரணத்தைச் சுட்டுகின்றது?

4. உம் ஊர்க் குட்டைக்குக் குஞ்சு எங்கிருந்து வருகின்றது? அதன் உபரி நீர் எந்த ஓடை வழியாக எந்த ஆற்றைச் சேர்கின்றது? படம் வரைந்து காட்டுக.

5. வீட்டில் வளர்த்த ஆமையை ஏரியில் விட விரும்பும் அண்டை வீட்டாருக்கு நீவிர் கூறும் அறிவுரை யாது?

நீர்வாழ் உயிர்களின் வைரஸ் நோய்களைக் குணப்படுத்த மருந்து இல்லை. சில மீன் நோய்களுக்குத் தடுப்பூசி இருப்பினும், சிறு குளத்து விவசாயிக்கு அது எளிதில் எட்டுவதன்று. தவளைக்கோ ஆமைக்கோ அதுவும் இல்லை. ஆகவே வருமுன் காத்தலும், வந்ததை முதல் நாளிலேயே அறிந்து நிறுத்துதலுமே நம் கையில் உள்ள வழிகள். அவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கழுவி உலர்த்திய வலையும், நாள்தோறும் எழுதிய கணக்கும், மறைக்காமல் சொல்லும் துணிவும் இருந்தால் போதும். இம்மூன்றையும் தம் ஊரில் பழக்கமாக்கும் பணியாளரும் ஆசிரியரும் நீர்நிலைகளுக்குச் சிறந்த காவலர் ஆவர்.